நெல்லைச் சீமையில் டைமிங் செயின்: டீசல் கார் எஞ்சின் பராமரிப்பின் வரலாறு

டைமிங் செயின் என்பது கார் எஞ்சினின் முகப்பு மூடிக்குள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஆயிலில் நனைந்தபடி ஓடும் எஃகுச் சங்கிலி. பிஸ்டன்களோடு இணைந்த கிராங்க் ஷாஃப்டையும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் இது பிணைக்கிறது. சங்கிலி தேய்ந்து தளர்ந்தால் எஞ்சின் சத்தமிடும். அப்படியே ஓட்டினால் ஒரு நாள் சங்கிலி பல் தாண்டும்; வால்வுகளும் பிஸ்டன்களும் மோதி எஞ்சின் வீணாகும். ஒரே ஒரு காரை வாடகைக்கு ஓட்டிக் குடும்பம் நடத்துபவருக்கு அது பல மாத வருமானத்தை விழுங்கும் இழப்பு.

திருநெல்வேலியிலும் தாமிரபரணிக் கரையோர ஊர்களிலும் டீசல் வாடகைக் கார்களின் வரலாற்றை அம்பாசடர், இண்டிகா, ஸ்விஃப்ட் டிசையர் என மூன்று தலைமுறைகளாகப் பார்க்கலாம். வால்வு இயக்கத்தின் நேரம் தவறாமல் காக்கும் பொறுப்பு இம்மூன்றிலும் வெவ்வேறு இடத்தில் இருந்தது. முதல் தலைமுறையில் அது ஓட்டுநர், மெக்கானிக் ஆகியோரின் காதில் இருந்தது. இரண்டாம் தலைமுறையில் கிலோமீட்டர் கணக்கில் இருந்தது. மூன்றாம் தலைமுறையில் ‘இதை மாற்றவே வேண்டியதில்லை’ என்ற நம்பிக்கையில் விடப்பட்டது. சங்கிலியின் உலோகம் மேம்பட்டுவந்த அதே காலத்தில் அதைக் கவனிக்கும் வழக்கம் தளர்ந்துவந்ததே இந்த வரலாற்றின் சாரம்.

சங்கிலி செய்யும் வேலை

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். கிராங்க் ஷாஃப்டின் முனையில் 18 பற்கள் கொண்ட சக்கரம் இருந்தால், கேம் ஷாஃப்டின் சக்கரத்தில் 36 பற்கள் இருக்கும். இந்த விகிதம் நழுவாமல் காப்பதே சங்கிலியின் வேலை. மேற்சொன்ன அளவில் சங்கிலி ஒரே ஒரு பல் தாண்டினாலும் கிராங்க் ஷாஃப்டின் கணக்கில் 20 பாகை பிசகிவிடும்.

டீசல் எஞ்சினில் இந்தப் பிசகு கூடுதல் ஆபத்தானது. அதில் தீப்பொறி பிளக் கிடையாது. காற்றை ஏறத்தாழ 18-ல் ஒரு பங்காக அழுத்தி, அந்த வெப்பத்திலேயே டீசல் பற்ற வேண்டும். அதற்காகப் பிஸ்டன், மேல் எல்லையில் சிலிண்டர் ஹெட்டை ஏறக்குறையத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. அந்த நொடியில் வால்வு திறந்திருந்தால் மோதல் தவிர்க்க முடியாதது. மோதிய வால்வு வளையும். சில நேரம் பிஸ்டனின் தலையும் உடையும். பல டீசல் எஞ்சின்களில் எரிபொருள் பம்பும் இதே இயக்கத்தோடு பிணைந்திருப்பதால், சங்கிலி சற்றுத் தளர்ந்தாலே புகை, இழுவைக் குறைவு, காலையில் ஸ்டார்ட் ஆகாமை போன்ற தொல்லைகள் தலைகாட்டும்.

கேம் ஷாஃப்டைச் சுழற்ற மூன்று வழிகள் உண்டு. பெரும்பாலான லாரி, பஸ் எஞ்சின்களில் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று நேரடியாகக் கோத்திருக்கும். கார்களில் சங்கிலியோ, பல் வைத்த ரப்பர் பெல்ட்டோ பயன்படுகிறது. பற்சக்கரம் உறுதியானது, ஆனால் கனமானது. பெல்ட் மலிவானது, சத்தமில்லாதது. ஆனால் குறித்த தூரத்தில் மாற்ற வேண்டியது. சங்கிலி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

ரெனால்டு முதல் அம்பத்தூர் வரை

இன்றைய சங்கிலிகளின் மூல வடிவம் 1880-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் உருவானது. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் ரெனால்டு, 1879-ல் சால்ஃபோர்டில் இருந்த ஒரு சிறிய சங்கிலிப் பட்டறையை விலைக்கு வாங்கி, அடுத்த ஆண்டே புஷ் ரோலர் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முந்தைய சங்கிலிகளில் மெல்லிய தகட்டின் விளிம்பு மட்டுமே ஊசி மேல் உரசியதால் அவை விரைவில் தேய்ந்தன. ரெனால்டு ஊசியின் மேல் ஒரு குழல் பொருத்தித் தேய்மானத்தை அகன்ற பரப்பில் பரப்பினார். சைக்கிள் சங்கிலியும் கார் எஞ்சினின் சங்கிலியும் இந்தக் கருத்தின் வழிவந்தவையே. டீசல் எஞ்சின் கார்களுக்கு வர மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. 1936-ல் வெளிவந்த மெர்சிடஸ்-பென்ஸ் 260 டி, தொடர் உற்பத்தியில் வந்த தொடக்ககால டீசல் கார்களில் புகழ்பெற்றது.

தமிழ்நாட்டில் சங்கிலித் தொழில் சைக்கிளை ஒட்டி வளர்ந்தது. 1949-ல் முருகப்பா குழுமம் ஆங்கிலேய நிறுவனத்துடன் இணைந்து சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையைத் தொடங்கியது. அதே குழுமம் 1960-ல் அமெரிக்காவின் டயமண்ட் செயின் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் டி.ஐ. டயமண்ட் செயின் நிறுவனத்தை ஏற்படுத்தியது. 1903-ல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தின் விசிறிகளைச் சுழற்றிய சங்கிலிகள் அந்த அமெரிக்க நிறுவனம் செய்தவை. கோயம்புத்தூரில் 1937-ல் போக்குவரத்துத் தொழிலில் தொடங்கிய எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்டு பிரதர்ஸ், பிற்காலத்தில் ‘ரோலான்’ என்ற பெயரில் வாகனச் சங்கிலிகள் செய்து பெயர் பெற்றது. 2008-ல் ரெனால்டு நிறுவனமே எல்.ஜி.பி.யின் ஆலைச் சங்கிலிப் பிரிவுடன் கூட்டுச் சேர்ந்தது. மான்செஸ்டரில் பிறந்த தொழில் இவ்வாறு கொங்கு நாட்டிலும் வேர் ஊன்றியது.

நெல்லையின் சாலைகளும் வண்டிகளும்

தென்னிந்திய மோட்டார் தொழிலின் முன்னோடிகளுள் ஒருவர் நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர். 1877-ல் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார், 1912-ல் மதுரையில் பஸ் போக்குவரத்தைத் தொடங்கினார். அவர் நிறுவிய டி.வி.எஸ். குழுமம் பஸ் ஓட்டுவதோடு நிற்காமல் வாகனப் பராமரிப்பு, உதிரிபாக விற்பனை என விரிந்தது. 1960-களில் சென்னைப் பாடியில் உதிரிபாக ஆலைகளையும் அமைத்தது. வண்டியை விற்பது ஒரு தொழில், அதைப் பல ஆண்டு ஓடவைப்பது இன்னொரு தொழில் என்பதைத் தெற்கத்தி ஊர்கள் இப்படித்தான் கண்டுகொண்டன.

திருநெல்வேலி நகரையும் பாளையங்கோட்டையையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843-ல் திறக்கப்பட்டது. மாட்டுவண்டிக் காலத்துப் பாலத்தின் மேல் பிற்காலத்தில் மோட்டார் வண்டிகள் ஓடின. 1974-ல் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் உருவானபின் சிற்றூர்கள் வரை அரசுப் பேருந்து சென்றது. ஆனால் கல்யாணம், பிரசவம், கோயில் பயணம், விமான நிலையம் ஆகியவற்றுக்கு வாடகைக் காரே வேண்டியிருந்தது. அந்தக் காலத்துப் பெரியவர்கள் காரைப் ‘பிளஷர்’ என்றே சொல்வார்கள்.

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணியின் நீளம் சுமார் 128 கி.மீ. பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் என அதன் கரையில் ஊர்கள் தொடர்கின்றன. நவதிருப்பதி, நவகைலாயம் சுற்றுப்பயணம், திருச்செந்தூர் பயணம், குற்றால சீசன், திருவனந்தபுரம், தூத்துக்குடி விமான நிலையங்களுக்கான சவாரி ஆகியவை இப்பகுதி வாடகைக் கார்களின் வழக்கமான வேலைகள். 2018 அக்டோபரில் நடந்த தாமிரபரணி மகா புஷ்கரத்தின்போது வெளியூர்களிலிருந்தும் ஏராளமானோர் ஆற்றங்கரைக்கு வந்தனர்.

இந்தச் சவாரிகளில் எஞ்சினின் வேலையை ஓடிய தூரம் மட்டும் சொல்வதில்லை. கோயில் வாசலில் ஏ.சி.யைப் போட்டபடி காத்திருக்கும் காரின் எஞ்சின், ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். மீட்டர் நகராத அந்த நேரத்திலும் சங்கிலி ஓடுகிறது, ஆயில் மூப்படைகிறது. சங்கிலியின் வரலாற்றில் இந்தக் காத்திருப்புக்கும் பங்கு உண்டு.

காதை நம்பிய காலம்

மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசடருக்கு 1980-ஐ ஒட்டி 1,489 சி.சி. டீசல் எஞ்சின் கிடைத்தது. இந்தியாவில் தயாரான முதல் டீசல் கார் இதுவே. 37 குதிரைத்திறன் அளவே கொண்ட எஞ்சின் என்றாலும், பெட்ரோலைவிட டீசல் மலிவாக இருந்ததால் வாடகைக் கார்க்காரர்களிடம் அது நிலைபெற்றது.

அந்த எஞ்சினில் கேம் ஷாஃப்ட் எஞ்சின் பிளாக்குக்குள்ளேயே இருந்தது. கிராங்க் ஷாஃப்டுக்கும் அதற்கும் இடையே தூரம் குறைவு. ஆகவே சங்கிலியும் குட்டையானது. எஞ்சின் காரின் நீளவாக்கில் அமைந்திருந்ததால், ரேடியேட்டரைக் கழற்றினால் முகப்பு மூடி நேராகக் கைக்கு எட்டும். மூடியைத் திறந்து, இரண்டு பற்சக்கரங்களிலும் உள்ள குறிகள் ஒன்றையொன்று பார்க்குமாறு நிறுத்தி, இரண்டையும் சங்கிலியோடு சேர்த்து வெளியே இழுத்து, புதியதை அதே நிலையில் பொருத்துவார்கள். அடிப்படைக் கருவிகளே போதும்.

சங்கிலி தளர்ந்ததைக் கண்டுபிடிக்கவும் கருவி தேவைப்படவில்லை. நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை முகப்பு மூடியில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பது பட்டறைகளின் பழைய வழக்கம். டீசலின் தடதடப்பிலிருந்து சங்கிலியின் கிலுகிலுப்பைப் பிரித்தறியும் காது, கூடமாட நின்று வேலை பழகும் பையனுக்கு வந்துசேர ஆண்டுகள் ஆகும். அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் இத்தொழிலுக்கான பாடப்பிரிவுகளுக்குத் தமிழில் ‘கம்மியர்’ என்ற பழஞ்சொல்லே பெயராக இருக்கிறது. திருநெல்வேலிப் பேட்டையிலும் அத்தகைய நிலையம் உண்டு. ஆனாலும் காதின் படிப்பைக் கற்றுக்கொடுத்தது பட்டறைதான்.

இதே காலத்தில் பஜாஜ் டெம்போ நிறுவனம், மெர்சிடஸ்-பென்ஸின் ஓ.எம். 616 என்ற டீசல் எஞ்சினை உரிமம் பெற்றுத் தயாரித்தது. டெம்போ டிராக்ஸ் வண்டிகளில் அது வந்தது. அதன் இரட்டை வரிசைச் சங்கிலி நீண்ட உழைப்புக்குப் பேர்போனது. அதை மாற்ற முகப்பு மூடியைத் திறக்கக்கூடத் தேவையில்லை. மேல் மூடியைக் கழற்றி, பழைய சங்கிலியின் ஒரு கண்ணியை அறுத்து, அதன் முனையில் புதிய சங்கிலியைக் கோத்து, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றினால், பழையது வெளியேற வெளியேறப் புதியது உள்ளே போகும். கடைசியில் இரு முனைகளையும் ரிவிட் அடித்து இணைப்பார்கள். தறியில் பழைய பாவின் முனையோடு புதிய பாவைப் பிணைத்து இழுப்பதற்கு ஒப்பான முறை இது.

கிலோமீட்டர் கணக்கின் காலம்

1998 இறுதியில் டாடா இண்டிகா விற்பனைக்கு வந்தது. அதன் 1.4 லிட்டர் டீசல் எஞ்சினில் சங்கிலி இல்லை. ரப்பர் டைமிங் பெல்ட் இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் கார்களில் புகுத்திய பல் பெல்ட், நாற்பது ஆண்டுகளுக்குள் தென்தமிழ்நாட்டு டாக்சி ஸ்டாண்டுகளுக்கு வந்துசேர்ந்தது. அம்பாசடரைவிடக் குறைந்த டீசலில் ஓடிய இண்டிகா, வாடகைத் தொழிலில் வேகமாகப் பரவியது.

பெல்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. சங்கிலியைப் போல அது முன்கூட்டிச் சத்தமிட்டு எச்சரிப்பதில்லை. உள்ளே நூலிழைகள் விட்டுப்போய்க்கொண்டிருந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. அறும்போது திடீரென அறும். எனவே காதுக்கு இங்கே வேலை இல்லை. சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டர் வந்தவுடன், நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும் மாற்றியாக வேண்டும். மாற்றியவர்களின் வண்டி ஓடியது. ‘இன்னும் ஒரு சீசன் போகட்டும்’ என்று தள்ளிப்போட்டவர்கள் வளைந்த வால்வுகளுக்குச் செலவழித்தார்கள். கண்டிப்பான இந்த முறையில் ஒரு நன்மையும் இருந்தது. எப்போது செலவு வரும் என்பது உரிமையாளருக்கு முன்பே தெரியும். அதற்கு அவர் பணம் ஒதுக்கி வைக்கலாம்.

நம்பிக்கையின் காலம்

ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இணைந்து உருவாக்கிய 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சின் 2003-ல் வெளிவந்தது. 1,248 சி.சி. கொள்ளளவும் 16 வால்வுகளும் கொண்ட இச்சிறு எஞ்சின், 2005-ல் தன் வகுப்பில் சர்வதேச ‘ஆண்டின் சிறந்த எஞ்சின்’ விருதைப் பெற்றது. இந்தியாவில் 2007-ல் மாருதி சுசுகி ஸ்விஃப்டிலும், 2008-ல் ஸ்விஃப்ட் டிசையரிலும் டாடா இண்டிகா விஸ்டாவிலும் இது இடம்பெற்றது. மானேசரிலும் புனே அருகே ரஞ்சன்காவிலும் தயாராகி, பல நிறுவனங்களின் கார்களில் ஏறியதால், இதை ‘இந்தியாவின் தேசிய டீசல் எஞ்சின்’ என்றே வாகனப் பத்திரிகைகள் எழுதின. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இடையிலான விலை வித்தியாசம் 2012-ஐ ஒட்டிப் பெரிதாக இருந்ததும், 2014 அக்டோபர் வரை டீசல் விலை அரசின் கட்டுப்பாட்டில் இருந்ததும் இவ்வகைக் கார்களின் பரவலுக்குத் துணைசெய்தன. அம்பாசடரின் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது.

மல்டிஜெட் எஞ்சினில் சங்கிலி மீண்டும் வந்தது. ஆனால் அது அம்பாசடரின் குட்டைச் சங்கிலி அல்ல. கேம் ஷாஃப்ட்கள் சிலிண்டர் ஹெட்டின் மேல் இருப்பதால், எஞ்சினின் அடியிலிருந்து உச்சிவரை நீளும் மெல்லிய சங்கிலி. அதைத் தளராமல் பிடித்திருப்பது ஆயில் அழுத்தத்தால் இயங்கும் டென்ஷனர். பெல்ட்டைப் போலக் குறித்த தூரத்தில் மாற்ற வேண்டியதில்லை, எஞ்சினின் ஆயுளுக்கும் இது போதும் என்பதே இத்தகைய சங்கிலிகளின் பெருமையாகச் சொல்லப்பட்டது.

‘ஆயுள்’ என்ற சொல்லுக்குள் யாருடைய ஆயுள் என்ற கேள்வி ஒளிந்திருந்தது. ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓடும் வீட்டுக் காருக்கு 2,40,000 கி.மீ. என்பது 24 ஆண்டுகள். நாளுக்கு 200 கி.மீ. வீதம் ஆண்டில் 300 நாள் ஓடும் வாடகைக் கார் அதே தூரத்தை 4 ஆண்டுகளில் கடந்துவிடும். அதன்பின் அக்கார் இரண்டாம் கைக்கும் மூன்றாம் கைக்கும் போகும். சர்வீஸ் புத்தகம் முதல் கையோடு நின்றுவிடும். ஆயில் எத்தனை முறை மாற்றப்பட்டது, எந்தத் தரத்தில் ஊற்றப்பட்டது என்று கடைசியாக வாங்கியவருக்குச் சொல்ல ஆள் இருப்பதில்லை.

மேலும், ‘ஆயுள் முழுதும்’ என்ற வாக்கில் எழுதாத நிபந்தனை ஒன்று இருந்தது: சரியான ஆயிலை உரிய காலத்தில் மாற்றினால் மட்டுமே அது பொருந்தும். சங்கிலியை மாற்ற வேண்டாம் என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது. நிபந்தனை பலருக்கு மறந்துபோனது.

சங்கிலி ஏன் தளர்கிறது

‘செயின் இழுத்துக்கொண்டது’ என்று பேச்சுவழக்கில் சொல்வதுண்டு. உண்மையில் எஃகுத் தகடுகள் ரப்பர்போல நீள்வதில்லை. ஊசியும் குழலும் உரசும் ஒவ்வொரு மூட்டிலும் சிறிது உலோகம் தேய்கிறது. 130 கண்ணிகள் கொண்ட சங்கிலியில் ஒவ்வொரு மூட்டும் 0.05 மி.மீ. தேய்ந்தால், மொத்தச் சங்கிலி 6.5 மி.மீ. நீண்டுவிடும். தலைமுடியின் தடிமனைவிடக் கூடாத தேய்மானம், எஞ்சினைப் பிசக வைக்கும் அளவுக்குத் திரண்டுவிடுகிறது.

டீசல் எஞ்சினில் இத்தேய்மானத்தைத் தூண்டுவது கரி. டீசல் எரியும்போது உண்டாகும் நுண்ணிய கரித்துகள்களில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் கலக்கிறது. புகைக் கட்டுப்பாட்டுக்காக, வெளியேறும் வாயுவின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் ஏற்பாடு வந்தபின் இந்தக் கரி இன்னும் கூடியது. ஆயிலில் உள்ள வேதிப்பொருள்கள் கரித்துகள்கள் ஒன்றுசேராமல் பிரித்து வைத்திருக்கும். ஆயில் மூப்படைந்தால் அந்தத் திறன் போய்விடும். அதன்பின் ஊசிக்கும் குழலுக்கும் இடையே உள்ள மெல்லிய ஆயில் படலத்தில் கரி, உப்புத்தாள்போலத் தேய்க்கத் தொடங்கும். டீசல் வண்டியின் ஆயில் ஊற்றிய சில நாளிலேயே கறுத்துவிடுவதால், நிறத்தைப் பார்த்து அதன் நிலையை அறியவும் முடியாது.

ஆயில் மட்டம் குறைந்தாலோ, குழாய்வழி அடைத்தாலோ டென்ஷனருக்குப் போதிய அழுத்தம் கிடைக்காது. அதனால்தான் தேய்ந்த சங்கிலி, இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும் முதல் இரண்டு மூன்று நொடிகளில் ‘கரகர’ என்று ஒலிக்கும். அழுத்தம் ஏறியதும் சத்தம் அடங்கிவிடும். டென்ஷனர் சங்கிலியின் தளர்ச்சியை ஈடுகட்டுவதோடு, அதை மறைத்தும் விடுகிறது. அதன் தண்டு முழுதும் வெளியே நீண்டபின் ஈடுகட்ட இடமில்லை. அந்த நிலையில்தான் சங்கிலி பல் தாண்டும்.

மாற்றும் முறை

குறுக்குவாக்கில் எஞ்சின் பொருத்திய சிறு கார்களில் இவ்வேலை எளிதல்ல. எஞ்சினின் முகப்பு, காரின் பக்கச் சுவரை ஒட்டி இருக்கும். பேட்டரி இணைப்பை எடுத்து, முன்சக்கரத்தையும் அதன் உள்மறைப்பையும் கழற்றி, எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துப் பக்கவாட்டு மவுண்டிங்கை அவிழ்க்க வேண்டும். ஆயிலை வடித்து, பெல்ட், கிராங்க் புல்லி, மேல் மூடி, ஆயில் சம்ப் ஆகியவற்றை எடுத்தபிறகே முகப்பு மூடி வெளிவரும்.

மூடியைத் தொடும் முன் கிராங்க் ஷாஃப்டையும் கேம் ஷாஃப்ட்களையும் அவற்றுக்குரிய பூட்டு ஊசிகளால் அசையாமல் நிறுத்துவது முதல் விதி. பெயிண்ட்டால் குறி வைத்துக்கொண்டு ஊசிகள் இல்லாமல் மாற்றுவோரும் உண்டு. ஆனால் பழைய சங்கிலி ஏற்கெனவே நீண்டிருப்பதால், அந்தக் குறியே பிசகான நிலையைத்தான் காட்டும். சில எஞ்சின்களில் பற்சக்கரம் சாவி இல்லாமல் போல்ட்டின் இறுக்கத்தால் மட்டுமே நிற்கிறது. அங்கே பூட்டு ஊசியும், இறுக்கத்தை அளக்கும் டார்க் ஸ்பேனரும் இன்றியமையாதவை.

சங்கிலியை மட்டும் மாற்றுவதும் பயனற்றது. நீண்ட சங்கிலியோடு ஓடிய பற்சக்கரங்களின் பற்கள் கொக்கிபோல வளைந்திருக்கும். பிளாஸ்டிக் வழிகாட்டிகளில் பள்ளம் விழுந்திருக்கும். புதிய சங்கிலியைப் பழைய பற்களில் ஓட்டினால் அதுவும் விரைவில் தேயும். எனவே சங்கிலி, பற்சக்கரங்கள், வழிகாட்டிகள், டென்ஷனர், சீல்கள் ஆகியவற்றைச் சேர்த்துத் ‘டைமிங் கிட்’டாக மாற்றுவதே முறை. பொருத்தியபின் எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, பூட்டு ஊசிகள் மீண்டும் தடையின்றி நுழைகின்றனவா என்று பார்க்க வேண்டும். நுழையாவிட்டால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டும். புதிய ஆயிலும் ஃபில்டரும் இட்டு, எஞ்சினை எரியவிடாமல் ஸ்டார்ட்டரால் சில நொடிகள் சுழற்றி ஆயில் அழுத்தத்தை ஏற்றியபின்பே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

வெள்ளத்துக்குப் பின்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை புரண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. திருநெல்வேலி ஜங்ஷன் பகுதியிலும் ஆற்றங்கரை ஊர்களிலும் வெள்ளம் புகுந்தது.

வெள்ளத்தில் நின்ற டீசல் காரை உடனே ஸ்டார்ட் செய்வது, பாதி பிழைத்த எஞ்சினை முழுதாகக் கொல்வதற்குச் சமம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், அழுத்த முடியாத அந்தத் தண்ணீரோடு மோதிக் கனெக்டிங் ராடு வளையும். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் அது மோர்போல வெளுத்துத் திரளும். அந்தக் கலவையால் சங்கிலிக்கும் டென்ஷனருக்கும் பாதுகாப்புத் தர இயலாது. மூட்டுகளுக்குள் புகுந்த ஈரமும் வண்டலும் துருவாகவும் அரமாகவும் மாறும். ஆயிலை வடித்து, ஒன்றுக்கு மேற்பட்ட முறை புதிய ஆயில் ஊற்றி எடுத்து, இன்ஜெக்டர்களைக் கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தபின்பே சாவியைத் திருகலாம். இதில் காட்டும் அவசரத்தின் விளைவு, சில மாதம் கழித்துச் சங்கிலிச் சத்தமாகவும் வெளிப்படலாம்.

இன்றைய நிலை

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தபோது, மாருதி சுசுகி டீசல் கார்களின் தயாரிப்பை நிறுத்தியது. ஆகவே 1.3 லிட்டர் டீசல் எஞ்சினோடு ஓடும் டிசையர்களில் ஆக இளையதுக்கும் இப்போது சில ஆண்டு வயதாகிவிட்டது. சங்கிலி மாற்றும் வேலை, புதிய வண்டிகள் வராத நிலையிலும், இருக்கும் வண்டிகள் முதிர்வதால் பட்டறைகளில் தொடர்கிறது.

ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்ட இடத்தில் இன்று ஸ்கேனர் இருக்கிறது. கிராங்க், கேம் ஷாஃப்ட்களின் சென்சார்கள் தரும் குறிகளை எஞ்சினின் கணினி ஒப்பிட்டு, பொருத்தம் விலகினால் டாஷ்போர்டில் விளக்கை எரியவிடும். என்றாலும் விளக்கு எரிவது பெரும்பாலும் தேய்மானம் முற்றியபிறகே. காலையில் முதல் மூன்று நொடிச் சத்தத்தைக் கேட்கும் ஓட்டுநர் அதற்கு முன்பே அறிந்துவிடுவார்.

இந்த வரலாறு டீசலோடு முடிவதும் இல்லை. டீசல் டிசையருக்குப் பின் டாக்சி ஸ்டாண்டுக்கு வந்த பெட்ரோல், சி.என்.ஜி. கார்கள் பலவற்றின் எஞ்சினிலும் டைமிங் செயினே இருக்கிறது. அதே ‘ஆயுள் முழுதும்’ என்ற பேச்சும் இருக்கிறது. ஆயில் மாற்றிய தேதியையும் அடுத்து மாற்ற வேண்டிய கிலோமீட்டரையும் எழுதி, முன்கண்ணாடி ஓரத்தில் ஒட்டிக் கொடுக்கும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. கை மாறிக் கை மாறிப் போகும் காரில், சங்கிலியின் நலனைப் பற்றி அடுத்த உரிமையாளருக்குக் கிடைக்கும் ஆவணம் பெரும்பாலும் அந்தச் சிறு தாள் மட்டுமே.